கவுண்ட்: எதுக்கு எத்தனை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கவுண்ட் எத்தனைங்க?" சோமனூர் தறிக்குடோனில் இப்படிக் கேட்டால் நூலைப் பற்றிய கேள்வி. கோவையில் ஆஸ்பத்திரி வராண்டாவில் கேட்டால் யாருக்கோ டெங்கு. உக்கடம் மீன் மார்க்கெட்டில் கேட்டால் இறால். சொல் ஒன்றுதான், எண்ணுகிற பொருளும் எண்ணுகிற அளவும் வேறு. ஒரு பவுண்டுக்கா, ஓர் அங்குலத்துக்கா, ஒரு சொட்டு ரத்தத்துக்கா என்று தெரியாமல் வெறும் எண்ணைக் கேட்டுக்கொண்டு வருவதால்தான் பாதிக் குழப்பம். நூல் எடுப்பவர்கள், பனியன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே பதில். கொங்கு நாட்டுப் பக்கம் என்பதால் நூலுக்கே இடம் அதிகம்.

ஏனுங்க, 60 கவுண்ட் நூல் 40 கவுண்ட்டை விடத் தடிமனாத்தானே இருக்கணும்?

இல்லைங்க, நேர்மாறு. கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும். பருத்தி நூலுக்கு நம் பக்கம் புழங்குவது ஆங்கிலக் கவுண்ட். 840 கஜம் நூலைச் சுற்றிய கட்டு ஒரு சிட்டா. அப்படிப்பட்ட சிட்டாக்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அந்த எண்ணிக்கைதான் கவுண்ட். 40 சிட்டா சேர்ந்து ஒரு பவுண்டு என்றால் 40ஸ். 60 சிட்டா சேர்ந்தால்தான் அதே ஒரு பவுண்டு என்றால், நூல் எவ்வளவு மெலிசாக இருக்க வேண்டும் என்று பாருங்கள். பழைய கைத்தறிக்காரர்கள் "நாப்பதாம் நெம்பர்" என்று சொல்வதும் இதையேதான்.

கிலோக் கணக்கில் வேண்டுமானால் கவுண்ட்டை 1.693-ஆல் பெருக்குங்கள். ஒரு கிலோவில் எத்தனை கிலோமீட்டர் நூல் என்று வந்துவிடும். 30ஸ் ஒரு கிலோவுக்குச் சுமார் 51 கிலோமீட்டர். கோவையில் நுனியைக் கட்டிவிட்டு ரயில் ஏறினால் ஏறக்குறைய திருப்பூர் வரை வரும். 40ஸ் என்றால் சுமார் 68 கிலோமீட்டர்.

அதென்ன 840? 1000-ன்னு வச்சிருக்கலாமில்ல?

சுற்றுகிற ராட்டையின் அளவால் வந்தது. ராட்டையின் சுற்றளவு ஒன்றரை கஜம். 80 சுற்று சுற்றினால் 120 கஜம், அது ஒரு லீ. ஏழு லீ சேர்ந்தால் 840 கஜம், ஒரு சிட்டா. இங்கிலாந்தில் பிறந்த கணக்கு, மில்லோடு சேர்ந்து இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. மில் லேப்பில் இன்றைக்கும் சுற்றுவது அந்த 120 கஜ லீயைத்தான்.

மூட்டையில 40ஸ்-னு போட்டிருக்குது. நிஜமாலுமே 40-தானான்னு நாமளே பார்க்க முடியுங்களா?

முடியும். லீ ராட்டையும் நல்ல தராசும் இருந்தால் போதும்.

முதலில் ஐந்து கோனை, அதாவது நூல் சுற்றிய கூம்பை, தனித்தனி மூட்டையிலிருந்து எடுங்கள். ஒரே கோனில் பத்து முறை சுற்றினால் அந்தக் கோனைப் பற்றி மட்டுமே தெரியும், சரக்கைப் பற்றித் தெரியாது. மேலே இருக்கும் நூலைச் சில மீட்டர் ஓடவிட்டுக் கழித்துவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள்; கை பட்டு, இழுபட்டு, அழுக்கேறிய நூல் அதுதான். ஒவ்வொரு கோனிலும் இரண்டு லீ, மொத்தம் பத்து லீ வரட்டும். எடையை கிராமில் எடுத்து, 64.8-ஐ அந்த எடையால் வகுத்தால் கவுண்ட்.

20ஸ் ஒரு லீ 3.24 கிராம் இருக்கும், 30ஸ் 2.16, 40ஸ் 1.62, 60ஸ் 1.08. 40ஸ் லீக்கும் 38ஸ் லீக்கும் வித்தியாசம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. மளிகைக் கடைத் தராசு இதற்கு ஆகாது. நகைக்கடைத் தராசு இருந்தாலும் பத்து லீயையும் சேர்த்தே போட்டு எடை பாருங்கள். 40ஸ் என்றால் 16.2 கிராம், 38ஸ் என்றால் 17.05. இப்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சேர்த்து எடுத்த எடைக்கு 648-ஐ வகுக்க வேண்டும், 64.8-ஐ அல்ல.

ராட்டை இல்லையென்றால் அரை மீட்டர் நீளப் பலகையில் 100 சுற்று சுற்றலாம், அது 100 மீட்டர். அப்போது 59.05-ஐ எடையால் வகுக்க வேண்டும். ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும். மேலே ஏறினால் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் நீளும், எடை கூடும், கவுண்ட் குறைவாகத் தெரியும். இழுத்துச் சுற்றினால் நேர் எதிர்: நூல் நீண்டு அளவில் ஏமாற்றும், கவுண்ட் கூடுதலாகத் தெரியும். மில்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் இந்த இரண்டையும் சரிபார்த்துக்கொள்வது மானத்துக்கு நல்லது.

எல்லாம் சரியாத்தான் செஞ்சோம். ஆனாலும் 39.3-தான் வருது?

மழைக்காலமா என்று பாருங்கள். பருத்தி ஈரத்தைக் குடிக்கும். உலர்ந்த எடைக்கு மேல் 8.5 சதவீதம் ஈரம் என்பது வியாபாரத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. லேப்பில் 27 டிகிரி வெப்பம், 65 சதவீதக் காற்றீரம் வைத்து, நூலை அங்கேயே கிடக்கவிட்டுப் பிறகுதான் சோதிப்பார்கள். ஈரம் 10.5 சதவீதமாக ஏறிய நூலை அப்படியே எடை போட்டால் 40ஸ் என்பது 39.3 ஆகக் காட்டும். நூல் மாறவில்லை, தண்ணீர் கூடியிருக்கிறது.

இதன் மறுபக்கம்தான் பணம். அந்த ஈரத்தோடு 1000 கிலோ வாங்கினால் அதில் சுமார் 18 கிலோ கூடுதல் தண்ணீர், நூல் விலையில். ஆக 39.4, 40.5 என்று வருவதற்கெல்லாம் பேச்சு வேண்டாம். நன்றாக உலரவிட்டுப் பார்த்தும் 38 வந்தால் கட்டாயம் கேளுங்கள். கிலோவுக்கு மூன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கு நூல் குறையும், துணி மீட்டரும் அந்த விகிதத்தில் குறையும்.

சராசரி சரியாக இருந்து கோனுக்குக் கோன் ஏறி இறங்கினால் அது இன்னும் மோசம். 38, 42, 39, 41 என்று வந்தாலும் சராசரி 40-தான். பின்னல் துணி ஓட்டும் நிட்டிங்கில் இவை பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் துணியில் வரி வரியாக விழும். வெள்ளையில் தெரியாது, டையிங் முடிந்து நேவி புளூவில் வெளியே வந்தபின் தெரியும். அப்போது யார் பொறுப்பு என்று மூன்று கம்பெனி பேசிக்கொண்டிருக்கும். ஒரே தவணையில் ஓட்டிய நூலுக்கு மில் போடும் லாட் நம்பரைக் கலக்காமல் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

துணியைப் பிரிச்சுக் கவுண்ட் பார்க்கலாமுங்களா?

பார்க்கலாம். 50 சென்டிமீட்டர் துண்டிலிருந்து 20 இழை உருவினால் 10 மீட்டர். 40ஸ் என்றால் அது சுமார் 148 மில்லிகிராம் எடை இருக்கும். இழையின் எடையை மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எடுத்து, 590.5-ஐ அதால் வகுத்தால் கவுண்ட்.

தவறு நேர்வது இரண்டு இடத்தில். துணிக்குள் நூல் நெளிந்து கிடக்கும். 50 சென்டிமீட்டர் துணியில் இருக்கும் இழையை நெளிவு எடுத்து நீட்டினால் அதைவிட நீளம். நீட்டியபின் அளக்காமல் துணியின் நீளத்தையே எடுத்துக்கொண்டால் நூல் தடிமனாகத் தெரியும். அடுத்தது கஞ்சி. வெளுக்காத காடா துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் கஞ்சி ஏறியிருக்கும், அதுவும் எடைதான். பாவைச் சோதிப்பதானால் கஞ்சி போக அலசிக் காயவைத்த பிறகு உருவுங்கள். குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

2/40-ன்னா 80-ங்களா, 20-ங்களா?

20. இரண்டு 40ஸ் இழையை முறுக்கிச் சேர்த்தது 2/40. தடிமனில் 20ஸ்ஸுக்குச் சமம். முறுக்கேறும்போது நீளம் கொஞ்சம் சுருங்குவதால் உண்மையில் 20-க்குச் சற்றுக் கீழே நிற்கும். ஒற்றை 20ஸ்ஸை விட 2/40 வழவழப்பாகவும் சீராகவும் இருக்கும், விலையும் அதற்கேற்ப.

வேறு வேறு கவுண்ட்டை முறுக்கினால் இரண்டையும் பெருக்கி, கூட்டியதால் வகுங்கள். 40-ம் 60-ம் சேர்ந்தால் 2400-ஐ 100-ஆல் வகுக்க 24. பாதியாக்கி 50 என்றும் 25 என்றும் எழுதும் தவறு அடிக்கடி நடக்கிறது.

பாலியெஸ்டர்ல 75, 150-ன்னு சொல்றாங்களே, அதுவும் கவுண்ட்டா?

அது டெனியர். 9000 மீட்டர் நூலின் கிராம் எடை. நீளத்தை நிலையாக வைத்து எடையைச் சொல்வதால் எண் ஏறினால் நூல் தடிக்கும், பருத்திக் கவுண்ட்டுக்குத் தலைகீழ். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற 5315-ஐ வகுத்தால் போதும். 150 டெனியர் சுமார் 35ஸ், 75 டெனியர் சுமார் 71ஸ். பட்டு நூலும் லைக்ராவும் டெனியரில்தான். பட்டில் 20/22 என்று எழுதினால் இரண்டு இழை என்று அர்த்தமில்லை, 20-க்கும் 22-க்கும் நடுவில் ஓடும் நூல் என்று அர்த்தம். ஏற்றுமதிச் சீட்டில் டெக்ஸ் என்று இருந்தால் 1000 மீட்டரின் கிராம் எடை, 590.5-ஐ அதால் வகுங்கள்.

டி-ஷர்ட்டுக்கு 180 ஜி.எஸ்.எம். வேணும்னு பையர் சொல்றார். எந்தக் கவுண்ட் போடறது?

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. சாதாரணப் பனியன் துணியான சிங்கிள் ஜெர்சியில் சுமாராக: 40ஸ் போட்டால் 120 பக்கம், 30ஸ் 150 பக்கம், 24ஸ் 180 பக்கம், 20ஸ் 200-ஐ ஒட்டி. சுமார் என்று சொல்வதை அழுத்திப் படியுங்கள். பின்னலின் ஒரு வளையத்துக்குப் போகும் நூலான லூப் நீளத்தைக் கூட்டினால் ஜி.எஸ்.எம். இறங்கும், குறைத்தால் ஏறும். 30ஸ்ஸை இறுக்கி ஓட்டி 180 கொண்டுவரலாம் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. துணி அட்டை மாதிரி விறைக்கும், ஊசி உடையும்.

சரிபார்க்க 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும் கட்டர் இருக்கிறது. வெட்டிய வட்டத்தின் கிராம் எடையை 100-ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கட்டர் இல்லையென்றால் 10-க்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டினாலும் அதே கணக்கு. துணியை நெருக்கி அளவை நிலைக்கவைக்கும் காம்பாக்டிங் முடிந்த துணியில் பாருங்கள். மெஷினிலிருந்து இறங்கிய துணியில் பார்த்து ஓ.கே. சொன்னால் பின்னால் எண் மாறும்.

நூல் சொல்லும்போது பின்னலுக்கான ஹோசியரி நூல் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தறிக்கான பாவு நூலில் முறுக்கு அதிகம். கவுண்ட் ஒன்றாகவே இருந்தாலும் அதை நிட்டிங்கில் போட்டால் துணி ஒருபக்கமாகத் திருகும், பனியனின் பக்கத் தையல் வயிற்றுக்கு வந்து நிற்கும்.

காடா துணியில 40×40, 92×88-ன்னு எழுதறதை எப்படிப் படிக்கணும்?

பாவு 40ஸ், ஊடை 40ஸ். ஓர் அங்குலத்தில் பாவு இழை 92, ஊடை இழை 88. கூட்டினால் 180. பெட்ஷீட் கடையில் திரெட் கவுண்ட் 180 என்று எழுதுவது இந்தக் கூட்டுத்தொகையைத்தான். முதல் கவுண்ட் நூலின் மெலிவு, இரண்டாவது துணியின் நெருக்கம். ஒரே சீட்டில் இரண்டும் நிற்பதால் புதிதாக வருபவர்கள் மாற்றிப் படிப்பது சகஜம்.

பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் தறி அச்சுக்கும் ஒரு கவுண்ட் உண்டு, மூன்றாவதாக. இரண்டு அங்குலத்தில் எத்தனை இடைவெளி இருக்கிறதோ அதுதான் அச்சுக் கவுண்ட். இடைவெளிக்கு இரண்டு இழை கோப்பது வழக்கம் என்பதால், 92 அச்சில் அங்குலத்துக்கு 92 இழை என்று எண் அப்படியே பொருந்திவிடும். மூன்று இழை கோத்தால் பொருந்தாது.

ஊடை இழைதான் பிக். அதை எண்ணும் லென்ஸை கரையோரம் வைக்காதீர்கள், அங்கே நெருக்கம் வேறு மாதிரி இருக்கும். தறியில் இழுவையில் இருக்கும்போதும் எண்ணாதீர்கள். இறக்கித் தளர்ந்தபின் பிக் சற்றுக் கூடும். நான்கைந்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். 88 பிக் என்றால் மீட்டருக்குச் சுமார் 3,465 ஊடை இழை. 84 மட்டும் இருந்தால் மீட்டருக்கு 157 இழை குறைகிறது. பல்லடம், சோமனூர் பக்கம் நெசவுக் கூலியே பிக் கணக்கில் பேசப்படுவதால் இந்தச் சில்லறை எண்ணுக்குப் பஞ்சாயத்தே நடக்கும்.

ஆன்லைன்ல 1000 திரெட் கவுண்ட் பெட்ஷீட் வருதே?

அங்குலத்துக்கு 1000 இழை நிற்க இடம் வேண்டாமா? மெல்லிய இழைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து நெய்துவிட்டு, சேர்ந்த ஒரு இழையை மூன்றாக எண்ணிப் போடுவதால் வருகிற எண் அது. ஒற்றை இழையில் 200-லிருந்து 400 வரை நல்ல துணி கிடைக்கும். அதற்கு மேல் சொன்னால் "ஒத்தை இழையாங்க, எந்தக் கவுண்ட் நூல்?" என்று கேளுங்கள். பதில் வராது.

இறால் 30 கவுண்ட்னா?

கிலோவுக்கு 30 இறால். 60 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 60, ஆகவே பொடிசு. நூலின் அதே தலைகீழ்க் கணக்கு. முந்திரியில் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று அட்டையில் இருக்குமே, அதுவும் இதுதான்: ஒரு பவுண்டுக்கு 220 முதல் 240 பருப்பு, 300 முதல் 320 பருப்பு. 320-ஐப் பெரிது என்று நினைத்து கூடுதல் காசு கொடுத்துவிட வேண்டாம்.

டெங்குல கவுண்ட் இறங்கிடுச்சுன்னு சொல்றது?

ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இயல்பு. ரிப்போர்ட்டில் ஒரு லேப் 1.5 லட்சம் என்று எழுதும், இன்னொன்று ஆயிரத்தின் மடங்காக 150 என்று எழுதும். இரண்டும் ஒன்றே. 150-ஐ மட்டும் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டியவர்கள் உண்டு. வெறுமனே "பிளட் கவுண்ட் ஏறியிருக்கு" என்றால் பெரும்பாலும் வெள்ளையணுவைச் சொல்கிறார்கள். அது 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம்.

எண் திடீரென்று மிகக் குறைந்து, ஆள் மட்டும் தெம்பாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. ரத்தம் எடுத்த குழாயில் இருக்கும் உறைதடுப்பு மருந்தால் சிலருக்குத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் கொத்தை ஒன்றாக எண்ணிவிடும். கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டெங்குவில் தட்டணு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது தவறு. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இருந்தால் எண் எதுவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ரத்தத்தின் கெட்டித்தன்மையைக் காட்டும் பி.சி.வி. ஏறுகிறதா என்றும் டாக்டர் பார்ப்பார். காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் தானாக வாங்கிப் போடக் கூடாது.

இங்கிலீஷ் பேப்பர்ல "மூணு கவுண்ட்ல குற்றவாளி"-ன்னு வருதே?

அங்கே கவுண்ட் என்றால் குற்றப்பத்திரிகையில் உள்ள தனித்தனிக் குற்றச்சாட்டு. "மூன்று குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி" என்று எழுத வேண்டியதை "மூன்று எண்ணிக்கைகளில்" என்று மொழிபெயர்ப்பது இன்னும் நின்றபாடில்லை.

கதையில வர்ற கவுண்ட், கவுண்டஸ்?

ஐரோப்பியப் பிரபுப் பட்டம். எழுத்து ஒன்று, வேர் வேறு. எண்ணுகிற கவுண்ட், கணக்கிடுதல் என்னும் பொருளுள்ள லத்தீன் கொம்புதாரேயிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கம்ப்யூட்டரும் அந்த வீட்டுப் பிள்ளைதான். பிரபு கவுண்ட், உடன் செல்பவன் என்னும் பொருளுள்ள கோமெஸிலிருந்து வந்தது. அரசனோடு கூடப் போனவன். இங்கிலாந்தில் அந்தப் பட்டத்துக்குச் சமமானவன் ஏர்ல், ஆனால் அவன் மனைவி மட்டும் கவுண்டஸ்.

டிக்கெட் கவுண்டர், "கவுண்டர் கொடுக்கறது", இதெல்லாம்?

டிக்கெட் கவுண்டர் காசு எண்ணிய மேசையிலிருந்து வந்தது. பேச்சுக்கு எதிர்ப்பேச்சாகக் கவுண்டர் கொடுப்பது எதிர் என்னும் பொருளுள்ள கோன்த்ராவிலிருந்து வந்தது, எண்ணுவதோடு சம்பந்தமில்லை. நம் பக்கத்துக் கவுண்டர் பட்டத்துக்கும் இவை எதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

"இட் டஸின்ட் கவுண்ட்", "கவுண்ட் ஆன் மீ" இதையெல்லாம் தமிழ்ல எப்படிச் சொல்றது?

முதலாவதுக்கு "அது கணக்குல சேராது". விளையாட்டில் பிள்ளைகள் சொல்வதும் அதுதான். ஒருவர் பேச்சுக்கு மதிப்பில்லை என்றால் "அவர் சொன்னா எடுபடாது". இரண்டாவதுக்கு "என்னை நம்பலாம், நான் இருக்கேன்". "கவுண்ட் மீ அவுட்" என்பதற்கு "என்னை விட்டுருங்க". இங்கெல்லாம் எண்ணிக்கை என்ற சொல்லைக் கொண்டுவந்தால் தமிழாக இருக்காது.

ஆனால் தமிழிலும் ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது. எண்ணுவது என்றால் கணக்கிடுவதும் நினைப்பதும். "என்ன எண்ணிட்டு உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டால், கையில் நோட்டுக்கட்டு இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் இன்னொரு பொருள். சந்தையில் தானியம் அளக்கும்போது "ஒண்ணு" என்று தொடங்காமல் "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணும் வழக்கம் வேறு இருக்கிறது. புதிதாகப் பார்ப்பவர் லாபத்தைக் கொசுறு என்று நினைத்துக்கொள்வார். அதுவும் ஒரு படிதான், காசு உண்டு.

போன்ல நூல் ஆர்டர் சொல்றப்போ என்னென்ன சொல்லணும்?

"40ஸ் ரெண்டு மூட்டை" என்று மட்டும் சொன்னால் எது வேண்டுமானாலும் வரும். கவுண்ட், ஒற்றையா இரட்டையா, கார்டடா குட்டை இழை சீவி நீக்கிய கோம்பிடா, ஹோசியரியா பாவா, கோனா சிட்டாவா, மூட்டைக்கு எத்தனை கிலோ, முன்பு வாங்கிய லாட்டா புது லாட்டா. இந்த ஏழையும் சொல்லிவிட்டு, வாட்ஸ்அப்பில் எழுதியும் போடுங்கள்.